ஆணி டயர்

"மலைப்பாதைக்கும் போறதோ, இல்லாட்டி ஊருக்குள்ள மட்டும் தானோ?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நில்லாமல் கராஜ்கார ஓட்வார் கையுறைகளைக் கழற்றி மேசையில் போட்டான். மணி ஒன்பது. இந்த நாட்டில் ஒன்பது மணிக் கோப்பி நேரத்தில் இயமன் வந்தாலும் பத்து நிமிசம் பிந்திவா என்று அனுப்பிவிடுவார்கள். "யோசிச்சு வை நேசா. உன்ர பழைய குளிர்கால டயர் இனி ஆகாது. உன்ர அளவில ஆணி டயர் நாலே நாலுதான் கிடக்கு. அதுக்கும் ஒரு டாக்சிக்காரன் ரெண்டு தரம் போன் அடிச்சிட்டான். ஆணியில்லாதது எண்டா கூரை முட்டக் கிடக்கு. கோப்பி குடிச்சிட்டு வாறன், சொல்லு." ஓட்வார் பேசுவது நோர்வே மொழிதான். ஆனால் இருபத்தாறு வருசமாக அந்த மொழிக்குள் கிடந்து ஊறியதில், நேசராசாவின் காதில் விழும்போதே அது பாதி யாழ்ப்பாணமாகிவிடும். ஓட்வார் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனான். கராஜுக்குள் நேசராசாவும் அவனுடைய காரும்தான் மிச்சம். கார் தரையில் இல்லை. இரும்புக் கைகள் இரண்டு அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தன. நாலு சில்லும் கழன்று, வயிற்றைக் காட்டிக்கொண்டு, குளிப்பாட்டத் தூக்கிய குழந்தைபோலக் கால் தொங்க அது நின்றது. சொல்ல வேண்டியது ஒரு சொல். மலைக்கு என்றால் ஆணி. ஊருக்குள் என்றால் ஆணியில்லாதது. இதில் யோசிக்க என்ன கிடக்கிறது என்று தன்னைத்தானே கேட்டான். கேட்டபோது நெஞ்சுக்குள் என்னவோ ஒன்று சறுக்கி, பிடி கிடைக்காமல், மறுபடி சறுக்கியது.

ஏழு வருசமாக வைத்திருக்கிற காரின் அடிவயிற்றை அவன் இப்போதுதான் முதல் தரம் பார்க்கிறான். இத்தனை குழாய்களா, இத்தனை வளைவுகளா. மேலே வெள்ளிச் சாம்பல் நிறத்தில் மினுங்குகிற ஒரு சாமான், அதற்குள் அவன் ஒவ்வொரு சனிக்கிழமையும் தூசி தட்டிய இருக்கைகள், கதவுப் பிடிகளில் கடைக்காரன் ஒட்டிய பிளாஸ்திக் தாளைக்கூட இன்னும் உரிக்காமல் வைத்திருக்கிற கவனம், எல்லாம் மேலே. கீழே வேறொரு நாடு. உப்புத் தின்ற இரும்பு, சேறு உறைந்த மூலைகள், நடுவில் மலைப்பாம்பு விழுங்கியதுபோலப் புடைத்த ஒரு குழாய். அந்தப் புடைப்பைத்தான் ஓட்வார் காலையில் குறடால் தட்டிக் காட்டினான். இரண்டு கிழமையாக முன்தட்டில் எரிகிற மஞ்சள் விளக்குக்குக் காரணம் அதுதான். புகையில் வருகிற கரியைப் பிடித்து வைத்துக்கொள்கிற வடிகட்டி. "ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓடுறாய்?" "வேலைக்குப் போக நாலு கிலோமீற்றர், வர நாலு." "வேகம்?" "நாப்பது. நாப்பத்தஞ்சு." ஓட்வார் அவனை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தான். "நேசா, நீ இவளைச் செல்லம் குடுத்தே கொல்லப் போறாய். டீசல் எண்டா உழைக்க வேணும். உடம்பு கொதிக்க வேணும். கொதிச்சாத்தான் உள்ளுக்குப் பிடிச்ச கரி தானா எரிஞ்சு போகும். நீ பிள்ளையைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போற மாதிரி ஓட்டினா, கரி அடைச்சு மூச்சு முட்டிச் சாகும்." நேசராசா தலையை ஆட்டினான். அவனுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்கும் கீழே வியப்பு. கவனம் என்று நினைத்து ஏழு வருசமாக அவன் செய்ததெல்லாம் அந்தக் குழாய்க்குள் போய்க் கறுப்பாகச் சேர்ந்திருக்கிறது. மழையில் விடவில்லை, வெயிலில் விடவில்லை, மேட்டில் இரைய விடவில்லை. கெங்காதரன், மீன் தொழிற்சாலையில் இவனோடு இரவில் யந்திரம் கழுவுகிறவன், சொல்லுவான்: "மச்சான், நீ காரை வச்சிருக்கிறியோ, கார் உன்னை வச்சிருக்கோ? சோபா செற்றிக்குப் போட்ட பொலித்தீனைக் கழட்டாமலே பத்து வருசம் இருந்து கிறீச்சு கிறீச்செண்டு தேத்தண்ணி குடிச்ச சனமடா நாங்கள்." எல்லாரும் சிரிப்பார்கள். நேசராசாவும் சிரிப்பான். ஆனால் பொலித்தீன் கழற்றாமல் வைத்தால் சாமான் உள்ளுக்குள் சாகும் என்று எவரும் சொன்னதில்லை.

இந்த யந்திரத்தைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே புத்தகத்திலிருந்து தெரிந்தது. காரோடு வந்த கையேடு, முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம், நோர்வே மொழியில். தொழிற்சாலையில் தேத்தண்ணி இடைவேளைகளில் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றரை வருசம் அதை வாசித்தான். பள்ளிக்கூடம் பத்தாம் வகுப்போடு முடிந்துபோனவன். இந்த மொழியில் அன்பு என்ற சொல்லுக்கு முன்பே எச்சரிக்கை என்ற சொல்லைப் படித்தவன். முப்பத்தெட்டாம் பக்கத்தில்தான் அது இருந்தது. பெற்றோல் காருக்குத் தீப்பொறி வேண்டும். டீசலுக்கு வேண்டாம். பதினாறு பங்குக் காற்றை ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்குகிறது. நெருக்க நெருக்கக் காற்றுக்கே சூடேறுகிறது. அந்தச் சூட்டுக்குள் ஒரு துமி எண்ணெயைத் தூவினால், தானாகப் பற்றுகிறது. யாரும் கொளுத்தவில்லை. நெருக்குதல் மட்டும்தான். ஓடும்போது ஒரு செக்கனுக்கு அறுபது தரத்துக்கு மேலே இது நடக்கிறது, அவன் சிவப்பு விளக்கில் நின்று மூக்கைச் சொறிகிற நேரத்திலும் நடக்கிறது. பிறகு டீசலைப் பற்றி வாசிக்க வாசிக்க எல்லாமே அதிசயம். கோடை டீசலுக்குள் மெழுகு இருக்கிறது. குளிரில் அது மார்கழித் தேங்காயெண்ணெய்போல வெளுத்துக் கட்டியாகிவிடும். அதனால் ஒவ்வொரு இலையுதிர் காலமும் ஒரு சத்தமும் இல்லாமல் எண்ணெய் நிலையங்களில் குளிர்கால டீசலை நிரப்பிவிடுகிறார்கள். எவனோ ஒருவன், எங்கேயோ ஒரு அறையில் இருந்து, நேசராசாவின் கார் ஜனவரி மாதத்தில் காலமை எழும்ப வேண்டும் என்று ஓகஸ்ற்றிலேயே யோசிக்கிறான். தனக்காக இப்படி முன்கூட்டி யோசித்த ஆட்கள் வாழ்க்கையில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால், ஒரு கை விரல் மிஞ்சும். அதில் ஒருத்தி பவளம்.

பவளம் பத்தரை பஸ்ஸில் வருவாள். பவளராணி, அவனுடைய மனைவி, நாற்பத்தெட்டு வயது, இருபது வருசம் ஹோட்டல் படுக்கை விரிப்புகளை மடித்த கை. அந்தக் கையால் மூன்று வருசம் சமையலறை மேசையில் இருந்து படித்து, மூத்தோர் இல்லத்தில் பராமரிக்கிற வேலைக்குரிய சோதனையைப் பாஸ் பண்ணினாள். இங்கே இடமில்லை. மலைக்கு அந்தப் பக்கம், எழுபத்துநாலு கிலோமீற்றரில், கடலோரக் கிராமத்தில் ஓர் இல்லம் கூப்பிடுகிறது. குளிர்காலத்தில் அந்த வழியால் பஸ் நாளுக்கு ஒன்று, அதுவும் வேலை நேரத்துக்குப் பொருந்தாது. இல்லத்துப் பொறுப்பாளர் ஒரு நிபந்தனை சொன்னா: "ஆணி டயர் போட்டிருந்தா வா. இல்லாட்டி இந்தக் குளிர்காலம் வேண்டாம், இடத்தை வேற ஆளுக்குக் குடுக்கிறன்." இன்று பின்னேரத்துக்குள் போய்க் கையெழுத்து வைக்கவேண்டும். லைசென்ஸ் வசந்தத்திலேயே எடுத்துவிட்டாள். ஆனால் இந்தக் காரை அவள் இன்னும் ஒரு நாளும் ஓட்டியதில்லை. ஓட்டாதே என்று அவன் சொன்னதில்லை, சத்தியமாக ஒரு சொல் சொன்னதில்லை. அவள் செருப்பைப் போட்டு வெளியே வரும்போது அவன் ஏற்கெனவே ஓட்டுநர் இருக்கையில் இருப்பான். அவ்வளவுதான். ஆறு மாதம், ஒவ்வொரு தரமும், முந்திப்போய் இருந்தான். அவள் மற்றப் பக்கத்தால் ஏறி, மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு முன்னே பார்ப்பாள். இப்போதும் அதே வேலைதான், நேசராசா, இப்போதும் முந்திப்போய் இருக்கப் பார்க்கிறாய். ஊருக்குள்ள மட்டும் தான் என்று ஓட்வாருக்குச் சொன்னால் போதும். ஆணியில்லா டயர் ஏறிவிடும். ஆணி டயரை டாக்சிக்காரன் கொண்டுபோய்விடுவான். "அளவு இல்லையாம் பவளம், ரெண்டு கிழமை செல்லுமாம்." அவள் நம்புவாள். நம்பாவிட்டாலும் நம்பினதுபோல இருப்பாள். வேண்டாம் என்ற சொல் அவன் வாயிலிருந்து வராது. கரி மட்டும் எங்கேயாவது போய்ச் சேரும்.

சுவரில் இரண்டு டயர் பக்கத்தில் பக்கத்தில் சாத்திக் கிடந்தன. அவன் கிட்டப் போய்க் குந்தி, விரலால் தொட்டுப் பார்த்தான். ஆணியில்லாதது பூனைக் காதுபோல மெத்தென்றிருந்தது. ரப்பரில் மயிரளவு கீறல்கள், ஆயிரக்கணக்கில், ஒவ்வொன்றும் பனியைக் கடிக்க ஒரு வாய். கோடை டயர் ஏழு பாகைக் குளிரிலேயே மரக்கட்டையாகிவிடும். இது முப்பது பாகை உறைகுளிரிலும் மெத்தென்று இருக்குமாம். காய்ந்த குளிருக்கும் கட்டிப் பனிக்கும் இது நல்லது, சத்தமில்லை, ரோட்டையும் அரிக்காது. மற்றதில் நூற்றுச் சொச்சம் ஆணி. கிட்ட வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் ரப்பருக்கு வெளியே ஒன்றரை மில்லிமீற்றர்தான் நீட்டிக்கொண்டிருந்தது. அரிசியில் பாதி. ஈரம் பூசிய கண்ணாடிபோன்ற ஐஸில் அதுதான் உயிர். கையேட்டில் ஒரு படம் இருந்தது. ஒரு கார் நிலத்தைத் தொடுகிற இடம் இவ்வளவுதான் என்று சாம்பல் நிறத்தில் நாலு கட்டம் போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றும் ஒரு உள்ளங்கை அளவு. ஒன்றரைத் தொன் இரும்பு, கதவு, கண்ணாடி, மடியில் கைப்பையோடு ஒரு மனுசி, எல்லாம் இந்தப் பூமியில் பிடித்துக்கொண்டிருப்பது நாலு உள்ளங்கையால். அந்த உள்ளங்கைக்குள்ளும் கடைசியாகப் பிடிப்பது அரை அரிசி. இதை நினைத்தால் ஒரு மனிதன் காரில் ஏறலாமா? ஆனால் ஏறுகிறார்கள். பாட்டுக் கேட்டுக்கொண்டு ஏறுகிறார்கள். அப்பிள் கடித்துக்கொண்டு, பின்னால் இருக்கிற பிள்ளையைத் திட்டிக்கொண்டு, நாலு உள்ளங்கையில் மலையைக் கடக்கிறார்கள். கும்பிட வேண்டும் போலிருந்தது. எதைக் கும்பிடுகிறது? கார் வாங்கின அன்று கெங்கா நாலு சில்லுக்கும் நாலு தேசிக்காய் வைத்தான், உறைந்துபோன தேசிக்காய், நசியாமல் உருண்டு ஓடி, ஒன்று பக்கத்து வீட்டு நோர்வே மனுசியின் வாசலில் போய் நின்றது. அவ அதை எடுத்துக்கொண்டு வந்து, "உங்கட பழம்" என்று தந்துவிட்டுப் போனா.

பதினொரு வருசத்துக்கு முந்தி அது. அந்த மலைப்பாதை. அப்போது வேறு கார், தெற்கே தெரிந்த ஆள் ஒருவன் கொடுத்த டயர், எல்லாக் காலத்துக்கும் ஓடும் என்று சொல்லிக் கொடுத்தான். எல்லாக் காலமும் என்று ஒரு சாமான் இந்த நாட்டில் இல்லை என்பது அப்போது தெரியாது. உச்சியில் ஏரி இருக்கிறது. ஏரிக் காற்று ரோட்டில் பட்டு ஐஸை மினுக்கிவிடும். ஒரு வளைவு. அவன் சுக்கானைத் திருப்பினான், கார் திரும்பவில்லை. அப்படி ஒரு அமைதியை அவன் அதற்கு முன்னோ பின்னோ கேட்டதில்லை. குண்டு விழுமுன் வருகிற அமைதி வேறு, அதற்குள் ஆட்கள் மூச்சுவிடுவது கேட்கும். இது, உலகம் தன் கையை விட்டுவிட்ட அமைதி. கார் மெதுவாக, கல்யாண மண்டபத்தில் படம் பிடிக்கிறவன் சுற்றிவருகிறதுபோல, ஒரு முழு அரைவட்டம் சுற்றியது. ஏரி வந்தது, மலை வந்தது, வந்த ரோட்டு வந்தது. நின்றது. வேலிக்கம்பிக்கும் பவளத்தின் கதவுக்கும் இடையில் ஒரு முழம் இருந்திருக்கும். ஏரி பச்சையும் கறுப்புமாகக் கிடந்தது. அவ்வளவு அழகை அவன் கண்டதில்லை என்பதுதான் இன்றுவரை ஒருத்தருக்கும் சொல்லாத விசயம். சாகப் போகிறோம் என்ற நேரத்தில் கண் அதைப் பார்த்து வாயைப் பிளந்தது. பவளம் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "என்னப்பா, வீட்டுப் பக்கம் திரும்பி நிக்கிறம். அப்ப வீட்டையே போவம்." போனார்கள். அதற்குப் பிறகு அவன் அந்த மலையில் ஏறவில்லை. டீசல் வீண், அங்கால என்ன கிடக்கு, மீனும் காற்றும்தானே என்று சொல்லிச் சொல்லி, சொன்னது உண்மையாகிவிட்டது. பிள்ளையார் சதுர்த்திக்கு அந்தப் பக்கத்துச் சனம் கூப்பிட்டபோதும் காய்ச்சல் வந்தது. அவன் இறுக்கிப் பிடித்து நாற்பதில் ஓட்டியது காரின் மேலிருந்த அன்பாலா? குழாய்க்குள் இருக்கிற கரியைக் கேட்டால் சொல்லும்.

பவளம் லைசென்சுக்குப் படித்தபோது ஒரு நாள் வழுக்கல் பாடம். எண்ணெயும் தண்ணியும் ஊற்றிய தளத்தில் வேண்டுமென்றே காரைச் சறுக்க விடுவார்கள். அவனும் ஒரு காலத்தில் அதைச் செய்தவன்தான், கண்ணை மூடிக்கொண்டு செய்து முடித்தவன். அவள் அன்று வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமலே சமையலறையில் நின்றுகொண்டு சொன்னாள்: "ஏழு தரம் சறுக்கினனான் அப்பா! ரெண்டாந்தரம் தலைகீழா நிண்டிருப்பன். வாத்தியார் சொல்லுறார், போக வேண்டிய இடத்தைப் பார், மோதப் போற இடத்தைப் பாராதையாம். பாக்கிற பக்கம்தான் கை போகுமாம்." அவள் கன்னம் சிவந்திருந்தது. அவன் சோறு போட்டுக்கொண்டு ம் என்றான். இருபத்துநாலு வருசம் ஒரே கட்டிலில் படுத்த மனுசியை, ஒரு புது நட்சத்திரத்தைப் பார்க்கிறதுபோல, கறிச்சட்டியின் ஆவிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தான். ஏழு தரம் சறுக்கிவிட்டுச் சிரிக்கிறாள். இவளுக்குள்ளும் பொறி இல்லாமல் பற்றுகிற ஏதோ ஒன்று இருக்கிறது. இத்தனை காலம் மடித்த விரிப்புகளுக்கு அடியில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மாமியின் கடிதங்களுக்கு அடியில், அவனுடைய நாற்பது கிலோமீற்றருக்கு அடியில், நெருங்கி நெருங்கி. பயம் வந்தது. கும்பிடுகிற சாமியைக் கண்ணெதிரே கண்டால் வருகிற பயம்.

கதவு திறந்தது. ஓட்வாரின் மீசையில் பால் நுரை. "என்ன, தீர்ப்பு வந்திட்டுதோ? மலையோ, ஊரோ?" நேசராசா எழும்பினான். குந்தியிருந்ததில் முழங்கால் மரத்திருந்தது. ஊருக்குள்ள என்ற சொல் நாக்கின் நுனியில் தயாராக, உருண்டையாக, தேய்ந்த கல்போல இருந்தது. எவ்வளவு சுகமான சொல். ஓட்வாருக்குப் பின்னால், சுவர் ஓரமாக, கழற்றிய கோடை டயர்கள் நாலும் அடுக்கியிருந்தன. ஏழு வருசம் ஓடியும் ரப்பர்ப் பள்ளங்கள் தேயாமல், புதிது மாதிரி. ஓட்வார் அவன் பார்த்த பக்கம் பார்த்தான். "ஓம், ஓம், அதைப் பார். மியூசியத்தில வைக்கலாம். ஆனா ரப்பர் காய்ஞ்சு வெடிச்சுப் போச்சு, ஓடாமலே கிழடாப் போச்சு." நேசராசா வாயைத் திறந்தான். "மலைக்கு," என்றான். "மலைக்குத்தான். ஆணி போடு." "சரி! நீ மலைக்கோ? நாப்பதிலயோ?" ஓட்வார் சிரித்தான். "நான் இல்லை," என்றான் நேசராசா. "என்ர மனுசி." ஓட்வார் சிரிப்பை நிறுத்தி, ஒரு கணம் பார்த்து, "அப்ப கேள்," என்றான், "மூண்டாம் கியரில ஏத்தச் சொல்லு. கீழ இருந்து உச்சி மட்டும் விடாமல் இரைய வேணும். இருபது நிமிசம். கரியெல்லாம் எரிஞ்சு போகும். விளக்கு அணையாட்டி என்னட்டை வா." பிறகு கையுறையைப் போட்டான். டாக்சிக்காரனின் போன் மறுபடி அடித்தது. "போச்சு தம்பி, வித்திட்டன்," என்று அதற்குள் சொன்னான்.

பவளம் வரும்போது கார் வெளியே வெயிலில் நின்றது. ஒக்டோபர் வெயில், மஞ்சள், சூடில்லாதது. ஊருக்குள் ரோட்டெல்லாம் காய்ந்து கறுப்பாகக் கிடந்தது. மலை மட்டும் பாதிக்கு மேலே வெள்ளையாக நின்றது. அவள் மற்றப் பக்கக் கதவை நோக்கி நடந்தாள், பழக்கத்தில். அவன் வெளியேதான் நின்றான், கையை நீட்டி, கையில் காரின் திறப்பு. அவள் திறப்பைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "நீங்கள் வரேல்லையோ?" "வந்தா, என்ர கால் உன்ர பிறேக்கை மிதிக்கும்." அவள் சிரிக்கவில்லை. "மூண்டாம் கியரில ஏத்து," என்றான். "இரைஞ்சாப் பரவாயில்லை. நல்லா இரையட்டும். மெதுவாப் போகாதை. உச்சியில ஏரிக்கிட்ட ஒரு வளைவு…" "தெரியும் அப்பா." "பயப்பிடாதை." "நான் பயப்பிடேல்லை," என்றாள் பவளம். "நீங்கள்தான் பதினொரு வருசமாப் பயப்பிடுறியள்." கராஜுக்குள் ஓட்வாரின் காற்றுத் துப்பாக்கி வேறு யாருடைய சில்லையோ கழற்றிக்கொண்டிருந்தது. அது ஓயும்வரை நேசராசா நின்றான். "ஓம்," என்றான். "ஓம் பவளம்." அதைச் சொல்ல இவ்வளவு குறைந்த மூச்சு போதும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. அவள் ஏறி இருந்தாள். கால் எட்டவில்லை. இருக்கைக்குக் கீழே கைவிட்டு, பிடியைத் தூக்கி, இழுத்தாள். ஏழு வருசம் அசையாத இருக்கை முதலில் மறுத்தது, பிறகு கடகடவென்று முன்னே ஓடியது. கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள். அதற்குள் இருந்த நேசராசா வழுக்கிப்போய், அவன் இருந்த இடத்தில் வெறும் வானம் வந்தது. மணிக்கூட்டைப் பார்த்து, கையை ஒருக்கால் உயர்த்தி, கிளம்பினாள்.

அவன் எதிர்பார்க்காதது அந்தச் சத்தம். காய்ந்த தாரில் நானூறு ஆணியும் படபடவென்று, ஒரு கொத்து நெல்லைத் தகரத்தில் விடாமல் கொட்டுகிறதுபோல, துறைமுகத் தெரு முழுக்கக் கேட்டது. சுற்றுவட்டத்தில் திரும்பியது, கேட்டது. பாலத்தில் ஏறியது, கேட்டது. அடிவாரத்தில் இயந்திரம் மூன்றாம் கியருக்கு இறங்கி இரைந்தது, அவன் ஏழு வருசத்தில் கேட்டிராத ஆழமான குரலில், பின்னால் ஒரு கறுத்த புகைச் சுருளை விட்டுக்கொண்டு, அதற்கு மேலே ஆணிகள் சன்னமாக, இன்னும் சன்னமாக. அவன் தொப்பியைக் கழற்றிக் காதைக் குளிருக்குக் கொடுத்தான். கார் ஒரு சாம்பல் புள்ளி. ரோட்டு கறுப்பிலிருந்து வெள்ளைக்கு மாறுகிற கோட்டுக்குப் புள்ளி போனது, கோட்டைத் தாண்டியது, ஆணிச் சத்தம் நின்றது. பனியில் ஏறினால் ஆணி பேசாது, கடிக்கும், அது அவனுக்குத் தெரியும், புத்தகத்தில் இருக்கிறது. ஆனாலும் அவன் அந்த அமைதிக்குள் காதை வைத்துக்கொண்டு நின்றான். புள்ளி ஏறிக்கொண்டிருந்தது. நாற்பதில் அல்ல.